ஸ்டிக்கரைப் பாக்காதலே, சிப்பைப் பாரு

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. ராத்திரி பகலா அந்த லேப்டாப்பை முறைச்சுக்கிட்டு இருக்கியே, என்னலே செய்யுதே? லினக்ஸ் போடப்போறியா? நல்ல காரியம். உபுண்டுவா, மின்டா, ஃபெடோராவான்னு கூட்டாளிககிட்ட வாய்ச்சண்டை போட்டு முடிச்சாச்சு. வால்பேப்பருகூட எடுத்து வச்சாச்சு. உள்ள கெடக்கது என்ன பிராசசருன்னு கேட்டா மட்டும் ஏம்லே முழிக்கே?

டவுன்லோடு பண்ணப் போனா ஏஎம்டி64ன்னு போட்டிருக்கு. உடனே மூஞ்சி சுண்டிப்போச்சு. "தாத்தா, என்னுது இன்டெல்லுல்லா, ஸ்டிக்கரு ஒட்டியிருக்கே!" அட கூறுகெட்டவனே! அந்தக் காலத்துல இன்டெல்காரன் இட்டானியம்னு புதுசா ஒண்ணைக் கொண்டாந்து, பழசையெல்லாம் விட்டுட்டு எல்லாரும் இதுக்கு வாங்கன்னான். ஏஎம்டிக்காரன் சூதானமான ஆளு. பழைய 32 பிட்டு மேலயே 64 பிட்டை ஏத்தி, 2003-ல ஆப்டெரான்னு சந்தைக்கு விட்டான். பழைய புரோகிராமும் ஓடுச்சு, புதுசும் ஓடுச்சு. சனம் எங்கிட்டுப் போகும்? மறுவருசமே இன்டெல்லும் அந்த வழிக்கு வந்துட்டான். கிணறு வெட்டினவன் பேரு கிணத்துக்கு நின்னுபோச்சு, தண்ணி ஊருக்கே பொதுவுலே. டெபியனும் உபுண்டுவும் ஏஎம்டி64ன்னு எழுதுவான், ஃபெடோராக்காரன் எக்ஸ்86_64ன்னு எழுதுவான். ரெண்டும் ஒண்ணுதான்.

ஐஏ64ன்னு எங்கனயாவது பாத்துட்டு, இதுதான் இன்டெல்லுக்குன்னு துள்ளிராதே. அதுதான் அந்த இட்டானியம். 2024 ஜனவரியில வந்த 6.7 கெர்னல்ல லினக்ஸே அதைத் தூக்கிட்டு.

சரி, உன் மிஷினு எதுன்னு எப்படித் தெரியும்? விண்டோஸ்ல செட்டிங்ஸ் போயி, சிஸ்டம், அபவுட்னு தட்டு. சிஸ்டம் டைப்னு ஒரு வரி இருக்கும். முன்பாதி விண்டோஸைப் பத்தினது, பின்பாதி பிராசசரைப் பத்தினது. முன்னால 32 பிட்டுன்னு இருந்து, பின்னால எக்ஸ்64ன்னு இருந்தா, கடைக்காரன் சின்ன விண்டோஸைப் போட்டுத் தந்திருக்கான், அவ்வளவுதான். சிப்பு 64தான். நம்புறதுன்னா பின்பாதியை நம்பு. ஏற்கெனவே லினக்ஸ் ஓடுதா? டெர்மினல்ல எல்எஸ்சிபியுன்னு அடி, மொத ரெண்டு வரியிலயே குட்டு வெளிப்பட்டுரும்.

பரண்ல கெடக்க பழசை எடுத்துட்டு வந்து நிக்கியா? அதுல கோர் டியோன்னு இருந்தா 32 பிட்டு, கோர் 2 டியோன்னா 64. நடுவுல ஒரு ரெண்டு, அதுக்குள்ளதான் அம்புட்டு சூட்சுமமும். 32 பிட்டுக்கு இப்ப மவுசு இல்ல. உபுண்டு 17.10-லயே டெஸ்க்டாப்புக்கு இறக்குறதை நிறுத்திட்டான், 2025-ல வந்த டெபியன் 13-ல இன்ஸ்டாலரே கெடையாது. டெபியன் 12 போட்டுப் பாரு. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல லினக்ஸை எழுத ஆரம்பிச்சதே 386 மிஷின்லதான். அந்த 386-ஐயே 3.8 கெர்னலு கைவிட்டுட்டு. உன் பரண் மிஷினுக்கு மட்டும் பரிவட்டமா கட்டுவாங்க?

ரேம் கம்மி, அதனால 32 பிட்டு போடுதேன்னு ஒருத்தன் வந்தான். சிப்பு 64ன்னா 64-ஐயே போடுலே. எக்ஸ்எஃப்சிஇ மாதிரி கனமில்லாத டெஸ்க்டாப்பா எடுத்துக்கோ.

ராஸ்பெரி பையோ ஆப்பிள் எம்1-ஓ வச்சிருக்கியா? அது ஆர்ம் சாதி. அதுல ஏஎம்டி64-ஐப் போட்டு விடியுமட்டும் உக்காந்தாலும் எந்திரிக்காது. பைக்குன்னே தனி இமேஜ் இருக்கு, மெமரி கார்டுல எழுதிக்கோ. எம்1-க்கு அசாஹி லினக்ஸ் இருக்கு. அதை மேக்குக்கு உள்ள இருந்துதான் ஏத்தணும், பென்டிரைவுக்கு வேலையில்ல.

இன்னொரு கூட்டம் இருக்கு. என் சிப்புக்குன்னே கெர்னலைக் கம்பைல் பண்ணுதேன்னு ராத்திரி முழுக்க ஃபேனை அலற விடுவான். எதுக்குலே? பிரவுசரு கண்ணிமைக்க நேரம் முந்தித் தெறக்கவா? தெறந்து பாக்கப்போறது பூனை வீடியோ!

உன் மிஷினு எக்ஸ்64ன்னு காட்டுதா? ஏஎம்டி64-ஐ இறக்கு. ஆனா ஒண்ணு, இன்ஸ்டாலு பட்டனை அமுக்குறதுக்கு முன்னால உங்க அம்மா கல்யாண போட்டோவையெல்லாம் வேற டிஸ்க்குல காப்பி எடுத்து வை. அழிஞ்சபெறகு அவகிட்ட அடி வாங்கப்போறது நீதான், நான் குறுக்க வரமாட்டேன்.