அணிலை விடு, சம்பளத்தைச் சொல்லிக் குடு

ஏ பேரப்பிள்ள, பரோட்டாக் கடையில வேலை பாக்குத வடக்கத்திப் பையன்களுக்குத் தமிழ் படிச்சுக் குடுக்கியாமே? சம்பளம் இல்லாத வாத்தியார் உத்தியோகம்னு உங்க ஆச்சி சொன்னா. சந்தோசம். போர்டு வாங்கிட்ட, சாக்பீஸ் வாங்கிட்ட, ஸ்டேட்டஸ்ல போட போட்டோவும் எடுத்துட்ட. இனி பாடம் ஒண்ணுதான் பாக்கி.

முதல் நாளே அணில், ஆடுன்னு ஆரம்பிச்சியாமே. விடியக்காலம் மாவு பிசைய நின்னு, நடுச்சாமம் வரைக்கும் கல்லு முன்னால வேகுதவனுக்கு அணில் எதுக்குலே? அவன் என்ன ராமர் பாலமா கட்டப் போறான்?

‘அண்ணாச்சி, இந்த மாசக் கணக்குல முந்நூறு ரூவா குறையுது.’ இதைத்தான் முதல்ல படிச்சுக் குடுக்கணும். ஆனா கடைக்காரர் மாடியில இடம் குடுத்திருக்காருல்லா, அவர் நினைப்பு வேற. ‘ரெண்டு பார்சல்’, ‘மேசையத் துடை’, ‘சால்னா ஊத்து’, இம்புட்டும் பையனுக்குப் புரிஞ்சா அவருக்குப் போதும். அதுக்கு மேல அவன் வாயைத் திறந்தா படிப்பு ஜாஸ்தியாப் போச்சும்பாரு.

ரெண்டாவது பாடம் அருவி. லீவு கிடைச்சா அவனும் குளிக்கத்தான போவான்? குற்றாலம் மெயின் அருவியில ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி கொட்டும்போது போலீஸ்காரர் விசிலடிச்சு, ‘வெளிய வா’ன்னு கத்துவாரு. பாஷை தெரியாதவன், நம்மளப் பாத்துத்தான் சந்தோசப்படுதாருன்னு கை காட்டிட்டு இன்னும் உள்ள போவான். 2024 மே மாசம் பழைய குற்றாலத்துல திடீர்னு வந்த வெள்ளம் ஒரு பையனை இழுத்துட்டுப் போச்சு. இதுல மட்டும் எனக்கு வெளாட்டு கிடையாது. அந்த ரெண்டு வார்த்தையையும் நூறு தடவை சொல்ல வை.

ஆனி, ஆடிச் சாரல்ல வகுப்பு வைக்காதே. அப்போ அவனுக்குத் தூங்கவே நேரம் கிடையாது. கார்த்திகை பிறந்தா ஐயப்ப சாமிமார் கூட்டம் வந்துரும். புரட்டாசியில தொடங்கு. மத்தியானக் கூட்டம் ஓஞ்சு மூணு மணிக்குமேல உக்காருவான். கண்ணு சொக்கினா வையாதே, நீ காலேஜ்ல தூங்காத தூக்கமா?

மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன் உனக்கு முந்திக்கிட்டான். 2017-லயே கேரளா எழுத்தறிவு மிஷன் பெரும்பாவூர்ல ‘சங்ஙாதி’ன்னு ஒரு திட்டம் தொடங்கி, வடக்கேயிருந்து வந்த தொழிலாளிகளுக்கு மலையாளம் படிச்சுக் குடுத்துச்சு. ‘ஹமாரி மலையாளம்’னு தனியாப் புத்தகமே போட்டாவ. ஆரியங்காவு தாண்டி ஒரு எட்டு போய் அதைப் பாத்துட்டு வா. பாடர் பரோட்டாக் கடையில கோழி தின்னுட்டு அங்கயே திரும்பிரணுமா? நம்ம ஊர்லயும் தொண்ணூறுகள்ல அறிவொளி இயக்கம் ராத்திரி ராத்திரியா வகுப்பு எடுத்துச்சு. அந்தக் கூத்தையெல்லாம் ச. தமிழ்ச்செல்வன் ‘இருளும் ஒளியும்’னு எழுதி வச்சிருக்காரு. போனை வச்சுட்டு அதைப் படி.

‘நாம எதுக்கு அவனுகளுக்குப் படிச்சுக் குடுக்கணும்’னு டீக்கடையில நாலு பேர் கேப்பான். தாராவிக்குப் போன நம்ம ஆளுகளுக்கு யாருடே புத்தகம் போட்டுக் குடுத்தா? வசவு வாங்கி வாங்கி இந்தி படிச்சான். ஊருக்கு வந்து அதே வசவை நம்மகிட்ட எடுத்துவிட்டுப் பெருமை பேசினான். காசிக்குப் போக முடியாத சனத்துக்காகப் பராக்கிரம பாண்டியன் இங்க தென்காசியில கோயில் கட்டினான். இப்போ காசிப் பக்கத்துப் பையனே கோபுரத்துக்குக் கீழ டீ ஆத்துதான். வந்தவனை வான்னு சொல்லாம என்ன செய்ய?

ஒண்ணு மட்டும் உசாரா இரு. வெளியூர்க்காரனுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்கது திருநெல்வேலிச் சீமைக்குப் புதுசு இல்ல. 1838-ல மெட்ராசுல வந்து இறங்கின கால்டுவெல் துரை அப்புறம் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தாரு. 1856-ல திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணமே போட்டுட்டாரு. உன் பரோட்டாப் பையனும் பாஷையைப் பிடிச்சுக்கிட்டா உன் ஒற்றுப் பிழையைத் திருத்துவான். அப்போ முகத்தைத் தூக்காதே, நீ ‘கருப்பு’க்கு எந்த ‘ரு’ன்னு என்கிட்ட கேட்டவன்தான?

சம்பளத் தேதி வந்து, பையன் அந்த முந்நூறு ரூவாயைத் தெளிவாக் கேட்டான்னு வச்சுக்க. எவம்லே இதைச் சொல்லிக் குடுத்தான்னு கடைக்காரர் உன்னைத்தான் தேடி வருவாரு. என் பேரை மட்டும் இழுத்துராத. அந்தக் கடையில எனக்குப் போன சீசன் பாக்கியே இன்னும் தீரல.