பேஜ்மேக்கரும் இணக்கப் பொய்யும்: ஓர் ஆய்வு

அச்சுப் பக்கங்களைக் கணினித் திரையிலேயே அடுக்கி வடிவமைக்கும் மென்பொருள்களுள் முன்னோடியாகிய பேஜ்மேக்கர், 1985-இல் ஆல்டஸ் நிறுவனத்தால் வெளியிடப்பெற்று, 1994-இல் அந்நிறுவனத்தோடு அடோபியின் கைக்குப் போய், 2001-இல் 7.0 என்னும் பதிப்போடு வளர்ச்சியை முடித்துக்கொண்டது. வளர்ச்சி முடிந்ததே தவிர ஆயுள் முடியவில்லை என்பதற்குத் தமிழ்நாட்டின் டிடிபி கடைகளே சான்று. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஆகிய மூவகை இலக்கியங்களும் அதன் வழியே பிறப்பது இன்னும் முற்றிலும் நின்றுவிடவில்லை.

இதற்குச் சோம்பலே காரணம் என்பாரும் உளர். அது மேலோட்டமான கருத்து. பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் அமர்ந்திருப்பதால், எழுத்துருவை நீக்கிய மறுகணமே மணமக்களின் பெயர்கள் ஆங்கில எழுத்துகளாகச் சிதறும்; மெய்யெழுத்தின் புள்ளிகள் யாவும் அரைப்புள்ளிகளாக உருமாறும். எழுத்துக்குத் தனி எண் தரும் யூனிகோடு முறையைப் பேஜ்மேக்கர் அறியாது. அறியாமையே அதனைப் பாமினியின் நிரந்தரத் துணையாக்கிற்று.

இனி, அதனைப் புதிய விண்டோஸில் இயக்கும் நெறி. ‘இணக்க முறை’ என்பது, இயங்குதளம் தன் உண்மையான பதிப்பெண்ணை மறைத்து, தான் விண்டோஸ் எக்ஸ்பி என்று மென்பொருளிடம் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு. மைக்ரோசாப்ட் முறைப்படி அனுமதித்த பொய் இது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்; வாய்மை என்னும் அதிகாரத்திலேயே பொய்ம்மைக்கும் ஓரிடம் ஒதுக்கிய வள்ளுவர் இதனை மறுத்திருக்கமாட்டார். ஆயினும் பொய் மட்டும் போதாது. தம் அமைப்புகளைத் தாம் நிறுவப்பட்ட கோப்புறைக்குள்ளேயே எழுதிவைப்பது அக்கால மென்பொருள்கள் பலவற்றின் வழக்கம். 2007-இல் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா முதலாக அக்கோப்புறைக்குக் காவல் போடப்பட்டமையால், ‘நிர்வாகியாக இயக்கு’ என்னும் கட்டளையும் தேவையாயிற்று. ரைட் கிளிக் செய்து அதனைத் தேர்ந்தெடுத்தால் தீராத நோயே இல்லை என்று நம்பும் ஒரு மரபே இதிலிருந்து கிளைத்தது.

இம்மரபை ஏற்காதோர் இரு பிரிவினர். கணினிக்குள் மென்பொருளால் இன்னொரு கணினியை உருவாக்கி, அதில் எக்ஸ்பியைக் குடியேற்றுவோர் தனிக்குடித்தனத்தார். கடையின் மூலையில் பழைய எக்ஸ்பி கணினியையே இணையத் தொடர்பின்றி வைத்துக் காப்போர் துறவியர். 2014 ஏப்ரல் 8-இல் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு மேம்படுத்தல்கள் நின்றுபோனதைக் கருதினால், இணையத்தைத் துறந்த பின்னவர் நெறியே பாதுகாப்பானது. பென்டிரைவ் என்னும் பற்றை மட்டும் அவர்களால் விட முடிவதில்லை.

பழைய கோப்புகளை அடோபியின் பிற்காலப் பக்கவடிவமைப்பு மென்பொருளாகிய இன்டிசைனுக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீரும் என்னும் சீர்திருத்தவாதிகளின் வாதமும் ஆராயத்தக்கது. பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் திறன் இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்புவரை இருந்து, பின்வந்த பதிப்புகளில் கைவிடப்பட்டது. சிஎஸ்6 வெளிவந்தது 2012-இல். ஆகவே பேஜ்மேக்கரிலிருந்து விடுபட விரும்பும் கடைக்காரர், முதற்கண் இன்டிசைன் சிஎஸ்6 புதிய விண்டோஸில் இயங்குமா என்று ஆராயக் கடமைப்பட்டவராகிறார்.