டாப் லிங்க்கின் அரைச்சுற்றுச் சிக்கல்: கிராவல் பாதையியலில் ஓர் ஆய்வு

அமெரிக்கக் கிராமப்புறங்களில் ஊர்ச் சாலைக்கும் வீட்டு வாசலுக்கும் இடையே ஒரு கிராவல் பாதை கிடக்கும். அதைப் பராமரிப்பது வீட்டுக்காரர் பாடு. மழையில் குழி விழும். காய்ந்தால் குறுக்கே வரிவரியாக மேடு எழும். இதைச் சமன் செய்யச் சிறிய டிராக்டரின் பின்னால் எதை மாட்டுவது என்பதே நம் ஆய்வுப்பொருள். பலர் இதைப் பயன்பாட்டு நோக்கில் அணுகிக் கெடுத்துவிட்டனர். பயன் கருதாததே ஆய்வு என்னும் பல்கலைக்கழக மரபு வழுவாமல் இங்கே அணுகுவோம்.

கருவிகள் ஐவகைப்படும். நான்கு என்பாரும் உளர். அவர்கள் ரேக்கைக் கணக்கில் சேர்க்காதவர்கள். ரேக், கல்லையும் சருகையும் வாரும். இழுவை, மிசௌரி விவசாயி டி. வார்டு கிங் 1896-இல் கட்டைகளைச் சேர்த்துக் கட்டி, குதிரைகளைப் பூட்டி மண்சாலையில் இழுத்தது; சாலை சீரானது. ஆனால் கருதுகோளும் நெறியாளரும் இல்லாமல் செய்தமையால் அது கண்டுபிடிப்பு மட்டுமே, ஆய்வு ஆகாது. மூன்றாவது ரியர் பிளேடு, பின்னால் மாட்டும் ஒற்றைத் தகடு. அதைக் கோணம் திருப்பலாம், சாய்க்கலாம். பாதைக்கு நடுமேடு எடுக்கவும் ஓரத்தில் வாய்க்கால் இழுக்கவும் அது போதும். குழியில் மட்டும் அதன் ஜம்பம் பலிக்காது. பின்சக்கரம் இறங்கினால் பிளேடும் இறங்கும். மூலத்திலுள்ள பிழையெல்லாம் விடாமல் அச்சேற்றும் பதிப்பாசிரியரைப் போல, ஒரு குழிக்கு இன்னொரு குழியைப் படியெடுத்து வைக்கும்.

நான்காவது பாக்ஸ் பிளேடு. முன்பக்கம் திறந்த இரும்புப் பெட்டி, முன்னும் பின்னும் பார்த்த இரு வெட்டு விளிம்புகள், இறுகிய தரையைக் கிளறப் பற்கள். இதை டிராக்டரில் மாட்டும், ஹாரி ஃபெர்குசனின் மூன்று முனை இணைப்பு 1939-இல் ஃபோர்டு 9என் டிராக்டரோடு பரவியது; அதன், திருகி நீட்டிக் குறுக்கும் மேல் கம்பியே டாப் லிங்க். அதைக் குறுக்கினால் பெட்டி முன்னால் கவிழ்ந்து பற்கள் கடிக்கும்; நீட்டினால் பின்விளிம்பு தரையில் படிந்து வழிக்கும். இது தெரிந்தால் வேலை முடிந்தது. ஆய்வு தொடங்குவது அதற்குப் பிறகுதான். எத்தனை சுற்றுத் திருகுவது? ‘ஒரு சுற்று’ என்பது மூலநூலார் கொள்கை, மூலநூல் கிடைத்திலது. அதற்கு எழுந்த வேலியோர உரை ‘அரைச்சுற்று’ என்கிறது. உரைகாரர் பக்கத்து வீட்டுக்காரர். சொந்தமாக டிராக்டர் இல்லாதவர், ஆகவே நடுநிலையாளர். கிரீஸ் படிந்து, ஓரம் எலி கடித்த அட்டைப் பிரதியொன்றோ ‘அரையே அரைக்கால்’ என்று பாடம் ஓதுகிறது. இதை மறுத்து ‘அரைச்சுற்றுக் கண்டனம்’ எழுந்தது; அதை மறுத்து ‘அரைச்சுற்றுக் கண்டன கண்டனம்’; அதன் தலையில் ‘கண்டன கண்டன நாராசம்’, பிழைதிருத்தத்துக்கே தனித் தொகுதியுடன். இத்தனை நூல்களிலும் மழைநீர் பாதையில் எந்தப் பக்கம் ஓடியது என்ற செய்தி மட்டும் இல்லை. அது களப்பணி; தகுதிக் குறைவானது.

ஐந்தாவது லேண்ட் பிளேன். இரண்டு நீண்ட சறுக்குச் சட்டங்களுக்கு நடுவே இரண்டு பிளேடுகள். டிராக்டர் குலுங்கினாலும் சட்டத்தின் நீளம் அதைச் சராசரியாக்கிவிடும். மேட்டில் வழித்த கிராவல் பிளேடைத் தாண்டி விழுந்து பள்ளத்தை நிரப்பும். அற்றேல் இதை வாங்கினால் போதுமோ எனின், போதாது. 2007-இல் டாபர்லே, மாரிஸ், மெக்எல்வெய்ன் ஆகிய இயற்பியலாளர்கள், வட்டப் பாதையில் பரப்பிய மணல்மேல் சக்கரத்தை உருட்டியதில், குறிப்பிட்ட வேகம் கடந்தால் வரிமேடு தானே எழும் என்று காட்டினர். 2009-இல் வந்த தொடராய்வில் சக்கரத்துக்குப் பதில் சாய்ந்த தகட்டை இழுத்தபோதும் அது எழுந்தது. ஆக, அவசரமாகச் சமன் செய்பவரே அடுத்த வரிமேட்டுக்கு விதை போடுகிறார். வேகத்தைக் குறைத்தால் எந்தக் கருவியும் ஆகுமே எனின், அதுவும் முழு உண்மையன்று; எவ்வளவு மெதுவாகப் போனாலும் ரியர் பிளேடு குழியில் இறங்கத்தான் செய்யும். லேண்ட் பிளேன் இறுகிய தரையில் வெறுமனே சறுக்குமே எனின், பல் பொருத்திய வகையை வாங்குக; அன்றி, மழைவிட்ட மறுநாள் ஈரத்தோடு இழுக்குக.

ஆகவே முடிபு: லேண்ட் பிளேனே தகும். தெற்கு டகோட்டாவில் 2000-இல் வந்த கிராவல் சாலைக் கையேடு சொல்வதுபோல், நடுவிலிருந்து ஓரத்துக்கு அடிக்கு அரை அங்குலம் சரிவு வைத்து, மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டருக்குள் ஓட்டுக. கையில் பாக்ஸ் பிளேடு இருப்பவர்கள் டாப் லிங்க்கை நீட்டிவிட்டு மெதுவாகப் போனால் போதும், புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம். எத்தனை சுற்று நீட்டுவது என்று இன்னும் கேட்பவர்கள் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளலாம்.