முதலில் இலையைப் போடுங்கள்

புதுச்சேரியை ஒட்டிய காலாப்பட்டை விட்டு வெளியே வராமலே ஒரு மனிதன் வாழ்ந்து முடித்துவிடலாம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்து, மத்தியப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி, சட்டக் கல்லூரியில் சட்டம் படித்து, படித்த சட்டம் கைகொடுக்காமல் போனால் மத்தியச் சிறையில் தங்கவும் ஊருக்குள்ளேயே வசதி உண்டு. இல்லாதது ஒன்றுதான்: வெளியூர்க்காரர் காரை நிறுத்த ஒரு காரணம். சனிக்கிழமை தோறும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் சென்னை வண்டிகள், புதுச்சேரியின் மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நின்று படமெடுக்கவும், திரவ வடிவிலான வேறு சில காரணங்களுக்காகவும், இங்குள்ள தென்னை, சவுக்கு, முந்திரித் தோப்புகளை ஏறெடுத்தும் பார்க்காமல் பறக்கின்றன. இதைப் பார்த்துப் பண்ணைச் சுற்றுலா நடத்தும் ஆசை வருகிறவர் முதலில் கட்டுவது நுழைவு வளைவு. அடுத்து ஃபைபர் காளை. அதற்கடுத்து, இறக்கை வரைந்த ஒரு செல்ஃபி சுவர். என் கட்சி வேறு. பண்ணையைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். சாப்பிட வருவார்கள், வந்த இடத்தில், இலை போடும்வரை பொழுது போகாமல், பண்ணையைப் பார்ப்பார்கள்.

இதற்குப் பெரிய சாட்சி கலிஃபோர்னியாவில் இருக்கிறது. வால்டர் நாட் என்பவர் 1920-இல் பியூனா பார்க்கில் குத்தகை நிலத்தில் பெர்ரிப் பழம் பயிரிட்டு, சாலையோரக் கொட்டகையில் விற்றார். கடற்கரைக்குப் போகிற சாலை அது. நம் சாலையைப் போலவே வண்டிகளுக்கு அங்கே நிற்க அவசியமில்லை. இன்னொருவர் வளர்த்துக் கைவிட்ட பாய்சன்பெர்ரி என்ற பழச் செடிகளை 1932-இல் கொண்டுவந்து பிழைக்க வைத்தார். அதுவே பெரிய சாதனைதான், ஆனால் கூட்டத்தைக் கொண்டுவந்தது செடி அல்ல. 1934-இல் அவர் மனைவி கார்டீலியா, தன் கல்யாணத்துக்கு வந்த பீங்கான் தட்டுகளில், ஆளுக்கு 65 சென்ட் விலைக்கு எட்டுப் பேருக்கு வறுத்த கோழியோடு சாப்பாடு போட்டார். அதன் பிறகு பந்திக்கு மணிக்கணக்கில் வரிசை நின்றது. பசியோடு காத்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் புரட்சிக்காரர் ஆகிவிடலாம் என்பது நம் கல்யாண மண்டபங்களிலேயே நிரூபணமான உண்மை. அவர்களைச் சமாதானப்படுத்தத்தான் 1940-இல் வால்டர் பழைய பாழூர் ஒன்றைச் செட் போட்டதுபோல் கட்ட ஆரம்பித்தார். பக்கத்து அனஹைமில் டிஸ்னிலாண்ட் திறந்தது அதற்குப் பதினைந்து வருடம் கழித்து. நாட் குடும்பம் வேலி போட்டு நுழைவுக் கட்டணம் வாங்கியதோ 1968-இல்தான். நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லி காலாப்பட்டுக்குப் பக்கத்தில் ஆரோவில்லைத் தொடங்கியதும் அதே வருடம்தான். பூமி உருண்டை என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

அந்த ஆரோவில்லிலேயே என் இரண்டாவது சாட்சி இருக்கிறது. இங்கிலாந்திலிருந்து பத்தொன்பது வயதில் வந்த கிருஷ்ணா மெக்கன்சி, 1996-இல் ஆறு ஏக்கரில் சாலிட்யூட் பண்ணையைத் தொடங்கினார். குரு, ஜப்பானின் மசானபு ஃபுகுவோகா: உழவு கூடாது, உரம் கூடாது, களையெடுப்பு கூடாது, மருந்து கூடாது. நம்மூர்ப் பிள்ளை இப்படி விவசாயம் பார்த்தால் மாமனார் வந்து பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அப்படிப்பட்ட நிலத்தைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் அங்கே ஓர் உணவகம் இருப்பதுதான். தோட்டத்தில் கிடைத்ததைச் சமைத்துப் போடுகிறார்கள். மணத்தக்காளியும் சுண்டைக்காயும் தட்டில் பார்த்தவர்தான் செடி எங்கே என்று கேட்கிறார்.

"வெள்ளைக்காரர் கீரை பறித்தால் வேடிக்கை, எங்கள் தாத்தா பறித்தால் வெறும் கீரையா?" என்று கேட்பார்கள். நியாயமான எரிச்சல். மெக்கன்சி தமிழில் முடக்கத்தானைப் பற்றிப் பேசும் வீடியோவுக்குத் தோலின் நிறமும் கொஞ்சம் உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நிறம் ஒரு தடவைதான் கூட்டிவரும். இரண்டாம் தடவை வருவது ருசிக்காக. வால்டர் நாட் சொந்த ஊரில் எல்லோரையும் போன்ற நிறத்தில்தான் இருந்தார். நம் தாத்தா கீரையைப் பறித்தார், கட்டினார், கிடைத்த விலைக்குச் சந்தையில் போட்டுவிட்டு வந்தார். அதே கீரையைக் கடைந்து சோற்றோடு பரிமாறியிருந்தால் கணக்கே வேறு.

"அப்படியானால் அது ஹோட்டல், விவசாயம் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. நெல்லை விற்றால் உழவர், இட்லியை விற்றால் வியாபாரி என்று யார் பிரித்து வைத்தார்கள்? விளைச்சலின் விலையை வெளியாள் சொல்கிற தொழில் விவசாயம் ஒன்றுதான். சமைத்துவிட்டால் விலைப் பலகையை நாமே எழுதலாம். ஊரெல்லாம் இதையே செய்தால் யார் வருவார்கள் என்று கவலைப்படுகிறவர்கள், ஒரே சாலையில் எத்தனை பிரியாணிக் கடைகள் பிழைக்கின்றன என்று எண்ணிப் பார்க்கலாம்.

எனக்கு உண்மையில் பதில் தெரியாத ஆட்சேபணை ஒன்று உண்டு; அது சமையலறையிலிருந்து வரும். நாட் பண்ணையின் பலகையில் இருப்பது குடும்பப் பெயர். அடுப்பில் வெந்தது கார்டீலியா. காலாப்பட்டில் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் இதைப் படித்துவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை எட்டுப் பேருக்குச் சாப்பாடு போடலாமா?" என்று வீட்டில் கேட்டால், "யார் போடுவது?" என்றுதான் பதில் வரும். சீர்வரிசைப் பாத்திரங்களை இறக்குவது பற்றி அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கமாட்டார்.