பஞ்சாரத்துக்குள் புகையிலை

கொல்லையில் புகையிலை போட ஆசையா? முதலில் கோழிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டா உங்கள் பெயரில் இருக்கலாம். அனுபவ பாத்தியதை அவற்றுடையது.

வேடசந்தூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட மெல்லும் புகையிலை ரகங்களுக்கு அபிராமி, மீனாட்சி, பாக்கியலட்சுமி என்று பெயர். வெற்றிலைப் பெட்டிக்குள் போகிற சரக்குக்கு இத்தனை தெய்வ கடாட்சம்! ஒரு கிராமில் 10,000 விதைக்குக் குறையாது. பக்கத்தில் நின்று தும்மினால் ஒரு ஏக்கர் பறந்துவிடும். மணலில் கலந்து, ஆவணியில் மேட்டுப்பாத்தியில் தூவிப் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். மண்ணால் மூடிப் புதைக்க வேண்டாம். முளைக்க வெளிச்சம் வேண்டும்.

இங்கேதான் வினை. பொலபொலவென்று கொத்தி நிரவிய மண் நமக்கு நாற்றங்கால், கோழிக்குக் குளியல் தொட்டி. ஒருக்களித்துப் படுத்து, ஒரு சிறகை விரித்து, மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டு, கண்ணை அரைகுறையாக மூடி அது கிடக்கிற கிடப்பைப் பார்த்தால் விரட்ட மனசு வராது. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். நாற்றைப் பற்றி யாரும் உத்தரவாதம் தரவில்லை. முள் வெட்டிப் போட்டேன். பழைய சேலையைக் கட்டினேன். மூன்று தடவை விதைத்தபிறகு அப்பத்தாதான் வழி சொன்னாள்: "பஞ்சாரத்தை எடுத்து நாத்து மேல கவுத்துடா."

கோழியை அடைக்கப் பின்னிய பஞ்சாரத்துக்குள் புகையிலை சிறையிருந்தது. கோழி வெளியே உலாத்தியது. இதைவிடச் சிறந்த முறை எனக்குத் தெரியாது.

நாற்பது ஐம்பது நாளில் பிடுங்கி நடுங்கள். கிணறு உப்பா? பரவாயில்லை. சிகரெட் புகையிலைக்குத்தான் உப்புத்தண்ணி ஆகாது, இலை சரியாக எரியாது. மெல்லுகிறவருக்கு அது ஒரு பொருட்டில்லை.

செடி வளர்ந்ததும் கோழியின் சேவை தொடங்கும். வெட்டுப்புழு ராத்திரியில் இலையைத் தின்றுவிட்டுப் பகலில் தூரடி மண்ணில் ஒளிந்துகொள்ளும். கோழி அதைக் கிளறி எடுத்துத் தின்னும். கூலியாக வேரையும் வெளியே இழுத்துப்போடும். இலையை மட்டும் தொடாது. என் கறுப்புக் கோழி ஒரே ஒரு முறை கொத்தியது. அலகைத் தரையில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு போயேவிட்டது. நமக்குத்தான் வாய்ப்புற்றின் படத்தைப் பாக்கெட்டிலேயே அச்சடிக்க வேண்டியிருக்கிறது.

மொட்டு விடும்போது தலையைக் கிள்ளுங்கள், பக்கக் குருத்தை ஒடியுங்கள். இலை தடித்துக் காரம் ஏறும். பனியில் நனைந்த இலையை வெறுங்கையால் தொடவேண்டாம். நிக்கோட்டின் தோல் வழியாகவே ஏறித் தலை சுற்றும், வாந்தி வரும்.

பிறகு செடியோடு வெட்டி, பந்தலில் தலைகீழாகத் தொங்கவிட்டு இரண்டு மூன்று வாரம் காயவிட வேண்டும். பந்தல் என்பது சாயங்காலமானால் கோழிகள் ஏறித் தூங்குகிற இடம். அவை இலைமேல் என்ன போடும் என்று எழுதவேண்டியதில்லை. காய்ந்ததை அடுக்கிப் பட்டறை போட்டு, உள்ளே சூடு ஏறி இலை பதமாக, இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பிரித்து மாற்றி அடுக்குங்கள். புகையிலை விரித்தால் போச்சு என்று பழமொழி இருக்கிறது. அதன் முதல் பாதியை வீட்டில் பெண்கள் இருக்கும்போது சொல்லிவிடாதீர்கள்.

நான் அடுக்கியது சின்னப் பட்டறை; இதமான சூடு. பல நாள் மறந்துவிட்டுப் பிரிக்கப் போனால் மேலே கறுப்புக் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. இருந்த இடம் தெரியாமல் பன்னிரண்டு முட்டை.

"அடைக்கோழிய எழுப்பாதடா, பாவம். இருபத்தோரு நாள்தானே" என்றாள் அப்பத்தா.

கோழிக்கு அங்கே இன்னொரு லாபமும் உண்டு: நிக்கோட்டின் பேனுக்கு ஆகாது. அமெரிக்கப் பண்ணைகளில் ஒரு காலத்தில் 40 சதவீத நிக்கோட்டின் சல்பேட்டைக் கோழிகள் அடையும் கட்டைகளில் பூசுவார்கள். உடல் சூட்டில் ஆவி எழும்பிப் பேன் சாகும். அது கடும் விஷம். அளவு தப்பினால் கோழியும் போகும். அந்த மருந்தைத் தேடிப் போகாதீர்கள்.

பிரித்து மாற்றாத பட்டறையில் பூசணம் பூத்தது போகத் தேறியது முக்கால் கிலோ. பன்னிரண்டு முட்டைக்குக் குஞ்சு பதினொன்று. ஒன்றின்மேல்கூடப் பேன் இல்லை.