எங்கள் தொகுதிப் படம்

பழைய படத்தைத் தியேட்டரில் மறுபடி பார்ப்பதில் ஒரு வசதி, கதை தெரியும். ஒரு தொல்லை, பக்கத்து சீட்டுக்காரருக்கும் தெரியும். அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் என் பெரியப்பாவாக இருந்துவிட்டால் தொல்லை இரட்டிப்பு.

1991இல் சித்திரை பிறந்த அன்று வெளியான ‘கேப்டன் பிரபாகரன்’ 2025 ஆகஸ்ட் 22 அன்று 4கே மெருகோடு திரும்பி வந்தது. ஊருக்கெல்லாம் அது விஜயகாந்தின் நூறாவது படம். கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு அதற்கு மேலும் ஒரு சொந்தம் உண்டு. 2011இல் எங்கள் ரிஷிவந்தியத்தில் ஜெயித்துத்தான் அவர் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். ஆகவே பெரியப்பா சினிமா பார்க்க வரவில்லை, எம்.எல்.ஏ.வைப் பார்க்க வந்திருந்தார்.

சரத்குமாரை வில்லன் தீர்த்துக் கட்டியதும் எனக்குத் தொண்டை அடைத்தது. பெரியப்பாவோ, “கவலப்படாதடா, 2011ல தென்காசில ஜெயிச்சிடுவாரு” என்றார். வில்லன் வீரபத்திரனாக மன்சூர் அலிகான் துப்பாக்கியோடு கர்ஜித்தபோது, “இவரு 2019ல திண்டுக்கல்ல நின்னாரு, தேறல” என்றார். அத்தோடு விட்டாரா? டைரக்டர் ஆர்.கே. செல்வமணியின் மனைவி ரோஜா ஆந்திராவில் மந்திரியாக இருந்ததையும் இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றபடி சொல்லி முடித்தார். சந்தனக் கடத்தல் கதை என்று நினைத்துப் போனேன். பாதிப் படத்துக்குள் தேர்தல் முடிவுகள் நேரலை ஆகிவிட்டது.

எனக்கு இந்தப் பக்கம் வெள்ளிமலை மாமா. கல்வராயன் மலையில் வனக்காவலராக இருந்து ரிடையர் ஆனவர். அவருக்கு ஹீரோவும் வேண்டாம், வில்லனும் வேண்டாம். திரையில் காடு வந்தால் நிமிர்வார், ஆள் வந்தால் சாய்ந்துகொள்வார். கடத்தல்காரர்களின் சந்தனக் கட்டைகளைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “வேரக் காணோமே மாப்ள! எண்ணெய் அதிகமா வேர்லதான இருக்கு? திருடக்கூடத் தெரியாத பசங்க” என்று உச்சுக்கொட்டினார். வீரபத்திரன் மேல் அதுவரை எனக்கு இருந்த பயம் அந்த நொடியில் போய்விட்டது.

சண்டை வந்தபோது மட்டும் இருவரும் வாயை மூடினார்கள். சுவரில் ஒரு காலை ஊன்றி மறு காலால் விஜயகாந்த் விட்ட உதையை டிவியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அங்கே அது சாணளவு. இங்கே அந்தக் காலடிப் புழுதி முன்வரிசைக்காரர் தலையில் கொட்டியதுபோல இருந்தது. அவரும் தலையைத் தட்டிக்கொண்டார். நீதிமன்ற வசனத்தை விஜயகாந்த் வாயால் நான் கேட்கவே இல்லை. தியேட்டரே அவருக்கு அரை வரி முன்னால் ஒப்பித்துக்கொண்டிருந்தது.

பெரியப்பா எழுந்து நின்று கைதட்டினார். அவர் 2011இல் வேறு சின்னத்துக்கு ஓட்டுப் போட்டவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

படத்தின் கம்பீரம் இன்னும் குறையவில்லை. மறுபடி எங்காவது போட்டால் தவறாமல் பாருங்கள். டிக்கெட் எடுக்கும் முன், பக்கத்து சீட்டுக்காரர் எந்தத் தொகுதி என்று மட்டும் விசாரித்துவிடுங்கள்.