எஸ்டீம் டீசல் சார்

அவருடைய வீட்டு வாசலில் பெயர்ப்பலகை இருக்கிறது. ஆனாலும் குடியிருப்புச் சங்கத் தலைவர் முதல் கேட்டில் நிற்கும் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் 'எஸ்டீம் டீசல் சார்'தான். பெங்களூர் பூராவும், பழைய காரின் பெயரால் அழைக்கப்படும் இந்த இனம் பரவியிருக்கிறது. பக்கத்து வளாகத்தில் ஒரு 'கான்டெஸா அங்கிள்' இருக்கிறார். அல்சூரில் ஒரு குவாலிஸ்காரர், வண்டி தன் பிறந்த வீட்டைப் பார்க்கட்டும் என்று, வருஷத்துக்கு ஒருமுறை பிடதி டொயோட்டா தொழிற்சாலை வாசல்வரை ஓட்டிப்போய்த் திரும்பி வருகிறார்.

இவர்களில் பலர் பழைய பொதுத்துறைக்காரர்கள். எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., 1953-இல் தொடங்கிய எச்.எம்.டி. என்று ஏதாவது ஒன்றில் லேத்தோடும் மைக்ரோமீட்டரோடும் காலம் தள்ளி ஓய்வுபெற்றவர்கள். இந்த வயதில் மற்றவர்கள் சட்டைப் பையில் மாத்திரை டப்பா இருக்கும். நம் சாரின் பையில் வெர்னியர் காலிபர் இருக்கும். கல்யாணப் பந்தியில் அவர் வடையை அளந்தார் என்று சொல்வதெல்லாம் அவதூறு. அளந்தது அப்பளத்தை. அதுவும் தடிமனை மட்டும்.

உங்களுக்கும் எனக்கும் கார் என்றால் முன்னால் ஒட்டியிருக்கும் சின்னம். அவரைப் பொறுத்தவரை அது புகுந்த வீடு. எஞ்சின் எந்த வீட்டில் பிறந்தது, அதற்கு அண்ணன் தம்பி யார், ஒன்றுவிட்ட பங்காளிகள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு கல்யாணத் தரகரைப்போல விரல் நுனியில் வைத்திருக்கிறார். "மாருதியாம் மாருதி!" என்று ஆரம்பிப்பார். 1990-களின் கடைசியில் மாருதியிடம் சொந்த டீசல் எஞ்சின் கிடையாது. பிரான்சு நாட்டு பியூஜோவிடமிருந்து 1527 சி.சி. எஞ்சினை வாங்கி ஸென்னிலும் எஸ்டீமிலும் வைத்து விற்றது. டி.யு.டி.5 என்பது அதன் குலப்பெயர். அதே குலத்துப் பிள்ளைகள்தான் ஐரோப்பாவில் பியூஜோ 106-லும் சிட்ரோயன் சாக்ஸோவிலும் ஓடின. நிசான் மைக்ராவுக்குக்கூட ஒன்று தத்துப் போனது. ஆகவே எஸ்டீமுக்குச் சாமான் தேடுகிறவன் 'எஸ்டீம்' என்று கேட்டால் அவன் முட்டாள் என்பது சாரின் சித்தாந்தம்.

சித்தாந்தம் சரிதான். உற்பத்தி நின்றுபோன வண்டிக்குச் சாமான் கிடைப்பதே இப்படிப்பட்ட உறவுமுறையால்தான். கான்டெஸா அங்கிளும் அதை வைத்துத்தான் பிழைக்கிறார். கான்டெஸா 2002-லேயே நின்றுபோனது. ஆனால் அதிலிருந்த 2 லிட்டர் இசுஸு டீசல் எஞ்சின் அம்பாசடரிலும் வந்தது. அம்பாசடர் 2014 வரை ஓடிய குடும்பம், டாக்ஸி வம்சம் வேறு. கௌரவம் பார்க்காமல் 'அம்பாசடர் இசுஸு' என்று கேட்டு வாங்கி வந்துவிடுகிறார். வீட்டுக்கு வந்ததும், பெட்டியின் மேலே எழுதியிருப்பதை யாரும் பார்க்காதபடி திருப்பி வைப்பார்.

சாரின் விஜயம் சனிக்கிழமை. டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் பக்கம் போகும், கார் சாமான் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடு அவருக்குச் சந்நிதித் தெரு மாதிரி. அதே சாலையிலுள்ள ரவீந்திர கலாக்ஷேத்ராவில் நாடகம் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். சார் நுழையும் கடையில் டிக்கெட் கிடையாது.

"யாவ காடி (எந்த வண்டி) சார்?"

"எஸ்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொள்வார். "டி.யு.டி.5. ஹெட் காஸ்கெட்."

கவுண்டர் பையன் முதலாளியைப் பார்ப்பான். முதலாளி மேல்தட்டில் ஏணி போட்டு நிற்கும் இன்னொரு பையனைப் பார்ப்பார். அவன் அங்கிருந்தே கீழே சாருடைய சட்டைப் பையை எட்டிப் பார்த்து, வெர்னியரைக் கண்டதும், "சிகல்ல சார்" என்று கன்னடத்தில் கையை விரித்துவிடுவான். கிடைக்காது என்று சொன்னால் போய்விடுகிற ரகமா சார்? மூன்று கடை தாண்டி நான்காவது கடையில் ஒன்று அகப்படும். அங்கேதான் நிஜமான தகராறு.

"எத்தனை வெட்டு?" என்பார் சார்.

விஷயம் இதுதான். இந்த ரக டீசல் எஞ்சினில் பிஸ்டன் மேலே ஏறி நிற்கும்போது பிளாக்கின் முகத்தைவிடக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். எவ்வளவு துருத்துகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்து அதற்கேற்ற தடிமனில் காஸ்கெட் போடவேண்டும். தடிமன் எது என்று தெரிய, காஸ்கெட்டின் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் போய் ஹெட்டில் முத்தமிடும். தடிமனானதைப் போட்டால் கம்ப்ரஷன் குறைந்து, மார்கழிக் காலையில் ஹீட்டர் பிளக்கை எத்தனை தடவை சூடாக்கினாலும் வண்டி உறுமாது. இதையெல்லாம் சார் கடைக்காரருக்கு விளக்குவார். பின்னால் பொலேரோவுக்கு ஃபேன் பெல்ட் வாங்க வந்த டிரைவர் கேட்டுக்கொண்டே நிற்பார்.

"எல்லாம் ஒண்ணே சார். ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!" என்பார் கடைக்காரர்.

'கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள்' என்கிற அது இந்த ஊரின் தாரக மந்திரம். பஸ்ஸில் மூன்றுபேர் சீட்டில் நான்காவதாக உட்காருவதற்கும், மழைநீர் வடிகாலின் மேலே வீடு கட்டுவதற்கும் அதுவே போதும். ஒரு முடியளவு தடிமனுக்கு மட்டும் போதாது. சார் முகம் சிவந்து, "இது எஞ்சின் ஸ்வாமி, பி.எம்.டி.சி. பஸ் இல்லை" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். பொலேரோ டிரைவரும் ஃபேன் பெல்ட்டை நீட்டி, "இதில் எத்தனை வெட்டு?" என்று கேட்கத் தொடங்குவார். முதலாளி தலையில் கை வைத்துக்கொள்வது அப்போதுதான்.

ஜே.சி. ரோட்டில் இன்னொரு சட்டம் உண்டு: சாம்பிள் கொண்டு வா. அதாவது பழைய சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு வரவேண்டும். கழற்றினால் வண்டி ஓடாது. வண்டிக்குச் சாமான் வாங்க வண்டியில் போகமுடியாது. சார் பட்டுப்புடவைக் கடைத் துணிப்பையில் எண்ணெய் சொட்டும் ஆயில் பம்ப்பை வைத்துக்கொண்டு பஸ் ஏறுவார். பக்கத்து சீட்டுக்காரர் அது மடியில் சொட்டுவதைக் கண்டு எழுந்து நின்றுவிடுவார். சாருக்கு ஜன்னலோரம் கிடைக்கும்.

டப்பா விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியாது. கார் கம்பெனி டப்பாவில் வரும் சாமானைச் செய்பவர்கள் வேறு ஆட்கள். அவர்களே தங்கள் சொந்த டப்பாவில் விற்கும்போது விலை குறையும். எனவே அவர் காரின் பெயரைப் பார்க்காமல் செய்தவர் பெயரைத் தேடுவார். சென்னை இந்தியா பிஸ்டன்ஸ், ரானே வால்வு என்று தமிழ்நாட்டுப் பெயர்களைக் கண்டால் உறவினரைக் கண்டதுபோல் தடவிக்கொடுப்பார், தன் எஞ்சினுக்கு அது பொருந்தாவிட்டாலும். பம்ப், நாசில் என்றால் அவருக்கு ஆடுகோடி மைக்கோதான். 1951-இல் தொடங்கப்பட்ட, பாஷ் குழுமத்தைச் சேர்ந்த அந்த மைக்கோ, 2008-இல் பெயரை பாஷ் என்றே மாற்றிக்கொண்டது. சார் அந்தப் பெயர் மாற்றத்தை இன்னும் அங்கீகரிக்கவில்லை.

சிவாஜிநகர் குஜ்ரிக்கும் போவதுண்டு. உடைத்துப் போட்ட கார்களின் உறுப்புகள் மலைமலையாகக் கிடக்கும் இடம். போனால் திரும்பும்போது கையில், தேடிப்போனதைத் தவிர, மற்ற எல்லாம் இருக்கும்.

அவரை நிஜமாகவே நோகச் செய்வது ஓசூர் ரோடு. பிரிமியர் கம்பெனியோடு சேர்ந்து 309 காரை விற்ற பியூஜோ, 1990-களிலேயே இந்தியாவில் கடையைக் கட்டிக்கொண்டது. 2017-இல் அந்தக் குழுமம் திரும்பி வந்து 80 கோடி ரூபாய்க்கு அம்பாசடர் என்ற பெயரை வாங்கியது. பிறகு ஓசூரில் எஞ்சின் தொழிற்சாலையும் வந்தது. "இதோ இருக்கு, நாற்பது கிலோமீட்டர்! நம்ம சம்பந்தி வீடு! ஒரு காஸ்கெட் இல்லையாம்!" என்று சார் பொருமுவார். கடைசியில் காஸ்கெட் லண்டனிலிருந்து வந்தது. மச்சினன் மகன் லீவுக்கு வரும்போது, "மாமாவுக்குச் சாக்லேட் வேண்டாம், சாக்ஸோ காஸ்கெட் போதும்" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

மாமி இதைப்பற்றிச் சொன்னது: "ஏங்க, உங்க அண்ணன் பேத்திக்கு ஜாதகம் பாருங்கன்னு பொங்கலுக்குச் சொன்னேன். இன்னும் கவரைப் பிரிக்கலை. அந்த டப்பா காருக்கு மட்டும் சீமையிலேர்ந்து சொந்தம் தேடத் தெரியுது."

டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவு போட்டதிலிருந்து, அங்கிருந்து வரும் செய்திகளை அவர் துக்கச் செய்தி வாசிப்பது போலத்தான் வாசிக்கிறார். இங்கே அப்படியில்லை. 15 வருஷம் முடிந்ததும் ஆர்.டி.ஓ.வுக்குப் போய் ஆர்.சி.யைப் புதுப்பித்து, பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி போகவேண்டும். அந்த நாளில் எஸ்டீமைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து அழைத்துப்போகிறார்.

சமீபத்தில் நாலாவது மாடி மென்பொருள் பையன் கதவைத் தட்டினான். "அங்கிள், என் ஸ்விஃப்ட் டீசலுக்கு வாட்டர் பம்ப் போயிடுச்சு. ஆன்லைன்ல வாங்கினேன், செட் ஆகலை."

சாரின் முகத்தில் வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். "ஸ்விஃப்ட்டா? அது ஃபியட்டுப்பா! 1248 சி.சி. மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், புன்டோ, லீனியா, இண்டிகா விஸ்டா, எல்லாம் ஒரே ரத்தம். தேசிய எஞ்சின்னே அதுக்குப் பேர். 2020-ல மாருதி டீசலையே விட்டுடுச்சு, இனிமே நீயும் நம்ம ஜாதிதான். 2021-ல பியூஜோவும் ஃபியட்டும் ஸ்டெல்லாண்டிஸ்னு ஒண்ணாயிட்டாங்க. அந்த முறையில நாம பங்காளி. வண்டி எந்த வருஷம்?"

"2012, அங்கிள்."

"ரிஜிஸ்டர் ஆனதா, தயாரானதா?"

பையன் விழித்தான்.

"சேஸிஸ் நம்பரை எழுதிக்கோ. பழைய பம்ப் எங்கே?"

"மெக்கானிக்கிட்ட."

"வாங்கிட்டு வா. சனிக்கிழமை காலையில பஸ் ஸ்டாப்புக்கு வந்துடு. பை நான் தர்றேன்."

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது: "புடவைக்கடைப் பை ஒண்ணுகூட மிச்சமில்லைன்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க!"